அண்ணன் கூவிய ஓட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை முடிவெட்டும் கடையில் கிடைத்தது. அமெரிக்காவில் இந்தக் கெண்டக்கி மாநிலத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரே கடைக்குத்தான் தலையைக் கொடுக்கிறேன். போன வாரம் காதோரம் கத்தரியை ஓட்டிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "அந்தக் காலத்துல இங்க ஓட்டுன்னா ஊரறியக் கூவணும் சார். நிக்கிற ஆளு எதிர்லயே உக்காந்திருப்பாரு. அவர் பேரைச் சொன்னா எந்திரிச்சு நன்றி சொல்லணும். எப்பேர்ப்பட்ட கவர்னரா இருந்தாலும்!"

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை ஓடுமா?

2

"ஏமோஸ் டாண்டி வர்ஜீனியாவில் பிறந்து, மலை தாண்டி வந்து, நிலம் அளந்து, படை நடத்தி, சட்டசபையில்..."

சே! பாடப்புத்தகம். அடித்துவிட்டேன். (இவரை வரலாற்றில் தேடாதீர்கள். நான் பெற்ற பிள்ளை.)

இவ்வளவு தெரிந்தால் போதும். ஏமோஸ் கவர்னராக (இங்கே அந்தப் பதவிக்கும் ஓட்டுத்தான்) இருந்தபோது அவருடைய அண்ணன் லீவையின் ஒரே மகன், சாராயக்கடைச் சண்டையில் ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டான். தூக்கு என்று தீர்ப்பு. கவர்னர் மன்னித்தால் பிழைப்பான்.

"நீ தூக்கி வளத்த புள்ளடா தம்பி," என்றார் லீவை.

"செத்தவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே அண்ணே? நம்ம வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?"

தூக்கு நடந்தது. அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோனது.

(ஏமோஸை நான் முழுசாக நம்பவில்லை. நேர்மையா, நல்ல பேர் மேல் ஆசையா?)

3

ஏழு வருஷம் கழித்து ஏமோஸ் மறுபடி கவர்னர் தேர்தலில் நிற்கிறார். ஓட்டுப் போட வருகிறவர்களுக்குக் கோர்ட்டு வாசலில் விஸ்கிப் பீப்பாய், சுட்ட பன்றிக்கறி. உள்ளே ஒரு மேஜை. அதற்குப் பின்னால் ஓட்டைக் கேட்டுப் பதியும் அதிகாரி ஷெரிஃபும், ஏமோஸும்.

"டாண்டிக்கு! போன தடவை எங்க ஊர் ரோட்டை மறந்துட்டீரு. இந்தத் தடவையும் மறந்தீரு, தெரியும் சேதி!" என்று கூவினார் ஒரு விவசாயி.

"நன்றி ஐயா," என்று எழுந்து குனிந்தார் ஏமோஸ். கூடமே சிரித்தது.

அடுத்து வந்தவர் லீவை. சிரிப்பு நின்றது. ஏமோஸ் மனசுக்குள் வேண்டிக்கொண்டார்: 'கடவுளே, அண்ணன் எதிராளி பேரைச் சொல்லட்டும். நான் தோற்றாலும் பரவாயில்லை.'

"யாருக்கு?" என்றார் ஷெரிஃப்.

"டாண்டிக்கு." லீவை தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "என் புள்ளை உசுருக்கே வளையாதவன் வேற எவனுக்கும் வளைய மாட்டான். நாட்டுக்கு நல்லது."

4

முதல் வரைவில் ஏமோஸ் அழுதார், அண்ணன் கட்டிக்கொண்டார். நாடகம். கிழித்தேன். அடுத்ததில் தேர்தலே வேண்டாமென்று வெளியேறினார். அவரைத் தப்பவிட எனக்கு மனசில்லை. மூன்றாவதில் "நன்றி அண்ணே" என்றார். எழுதிய கை கூசியது. எதற்கு நன்றி?

இப்போது ஏமோஸ் எழுந்து நிற்கிறார். அவர் நன்றி சொல்லாமல் ஷெரிஃப் அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார், அதுதான் வழக்கம். லீவையும் நகரவில்லை. ஏமோஸின் வாயில் வைக்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. கூடப்பிறந்தவர்கள் உங்களுக்கும் இருப்பார்களே, நீங்கள் சொல்லுங்கள்.