இடது கையால் செய்த கேக்

கட்டடத்துப் பிள்ளைகள்தான் முதலில் அவளைக் கேக் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களைப் பெற்றவர்களுக்கும் அதுவே வாயில் வந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர்கூட ரசீதில் "கேக் அத்தை, மூணாவது மாடி" என்றுதான் எழுதுவார். அந்த மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், உள்ளே போனால் திரும்புவதற்கு யோசிக்க வேண்டிய ஒரு சமையலறை. அங்கே அவள் தனியாக இருந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து, ஒத்துவராமல், கூச்சல் இல்லாமல் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே ஒரு அண்ணன், அதே ஊரில், பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்தில்.

அவளுக்கு வேலை பேக்கரியில். கேக்கைச் சுடுவது வேறு ஆள். அதன்மேல் கிரீம் பூசி, பூ வைத்து, பெயர் எழுதுவது அவள். கிரீம் நிரப்பிய கோனைக் கையில் எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் பெயரை முடிப்பாள். "கையா இது, அச்சு மெஷினு" என்று முதலாளி வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். சம்பளம் உயர்த்தச் சொன்னால் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.

ஒரு மாலை வேலை முடிந்து சாலையைக் கடந்தபோது, முனையில் திரும்பிய கார் அவளை இடித்துத் தள்ளியது. ஓட்டியவர் ஓடிப்போகவில்லை. அவரே பின் இருக்கையில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "பாக்கலைங்க, சத்தியமா பாக்கலைங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை. எல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வக்கீலுக்கும் நடுவில் என்று ஆகிவிட்டது.

வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள். கை திரும்பக் கிடைத்தது, ஆனால் விரல்கள் பாதி வரைதான் மடங்கின. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

வக்கீல் நல்ல மனிதர். பேசும்போது மேஜையில் இருக்கும் கோப்புகளையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்ப்பார்.

"மிஞ்சிப்போனா ஒரு வருஷம்மா. அதுவரைக்கும் எந்த வேலைக்கும் போயிடாதீங்க. கை நல்லாத்தானே இருக்குன்னு கம்பெனிக்காரங்க ஒரே போடா போட்டுடுவாங்க."

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன சார் பண்றது?"

"அதுக்குத்தானேம்மா கேஸ் போடுறோம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

பேக்கரி முதலாளி இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார். பிறகு வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிறந்தநாள்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சேமிப்பு கரைந்தது. கழுத்துச் சங்கிலி போனது. அண்ணன் கைமாற்றாகக் கொடுத்தான். "பணம் வந்ததும் பாத்துக்கலாம், விடு" என்று முதல் தடவை சொன்னான். இரண்டாம் தடவை, "எப்ப வருமாம்?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தான். அதற்குமேல் அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை.

காசில்லாமல் போனால் வயிறுதான் முதலில் காயும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் முதலில் அற்றுப்போனது மனிதர்கள். யாருடைய வீட்டுக்கும் அவள் வெறுங்கையோடு போனதில்லை. ஒரு சின்ன கேக்காவது கையில் இருக்கும். இப்போது போவதற்குப் பஸ் காசு வேண்டும், கொண்டுபோக ஏதாவது வேண்டும், போனால் முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ளவும் வேண்டும். உடம்பு சரியில்லை என்று இரண்டு மூன்று அழைப்புகளைத் தட்டிக்கழித்தாள். நான்காவது அழைப்பு வரவில்லை. போன் செய்கிறவர்களும் எடுத்தவுடன், "கேஸ் என்னாச்சு?" என்பார்கள். "நடக்குது" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒன்றரை வருடம் ஆன பிறகும் கேஸ் நடந்துகொண்டுதான் இருந்தது. வாடகை கொடுக்க வழியில்லாமல் போனபோது, கீழே டீக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து, தன் படுக்கையறையை வாடகைக்கு விட்டாள். வந்தவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வாட்ச்மேன் வேலை பார்க்கிறவள். பெண்ணை வாட்ச்மேன் என்று எப்படிச் சொல்வது என்று டீக்கடைக்காரர் குழம்பி, "நைட்டு வந்திருக்கு, மேல அனுப்பவா?" என்று போனில் கேட்டார். நைட்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது. முப்பது வயதிருக்கும். காலையில் வந்து குளித்து, கதவைச் சாத்திக்கொண்டால் மாலைவரை தூங்குவாள். இருட்டும் நேரத்தில் காக்கி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கேக் அத்தை கூடத்துக்குக் குடிமாறினாள். வீட்டில் இன்னொரு ஆள் வந்துவிட்டால் பேச்சுத்துணை ஆகும் என்று உள்ளூர ஓர் ஆசை இருந்தது. நடந்தது நேர்மாறு. பகலெல்லாம் உள்ளே ஒருத்தி தூங்குகிறாள் என்பதற்காக டிவியை அணைத்துவைத்தாள். குக்கர் வைக்காமல் சோற்றை வடித்தாள். போன் மணியடித்தால் ஓடிப்போய் எடுத்து, பால்கனியில் நின்று குசுகுசுவென்று பேசினாள். தான் குடியிருக்கும் வீட்டிலேயே பூனைபோல் நடந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். யாருமே இல்லாதபோதுகூட அவளுக்கு அவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

ஒரு மாலை நைட்டு சீக்கிரம் எழுந்து வெளியே வந்தாள். கேக் அத்தை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இடது கையால் தலைமுடியை ஒருபக்கமாக இழுத்து ரப்பர் பேண்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அது பத்துத் தடவை நழுவியிருக்கும்.

"குடுங்கக்கா" என்று சொல்லி நைட்டு பின்னால் வந்து உட்கார்ந்தாள். சிக்கெடுத்து, வகிடெடுத்து, இறுக்கமாகப் பின்னிவிட்டாள். டாக்டரையும் பிசியோதெரபிக்காரரையும் தவிர வேறு யாரும் தன்னைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கேக் அத்தை நினைத்துக்கொண்டாள். கழுத்துப் பக்கம் விரல் பட்டபோது கண் கலங்கியது. முடியை இழுத்ததால் வந்த கண்ணீர் என்று நைட்டு நினைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து அது பழக்கமானது. கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம். நைட்டு அவசரப் பிரிவு வாசலில் நிற்கிறவள். "ஒருத்தருக்கு ஒரு ஆள்தான் உள்ள போகலாம்னு சொல்லணும். அதுதான் என் வேலை. எட்டுப் பேர் வருவாங்க. எட்டுப் பேருக்கும் நான்தான் எதிரி" என்பாள். தனியாக வருகிறவர்களும் உண்டாம். அவர்களுடைய செருப்பையும் பையையும் தானே வாங்கிப் பத்திரமாக வைப்பாளாம். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், ஊரில் அம்மாவிடம் வளர்ந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இன்சூரன்ஸ் கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. ஒரு தொகை சொன்னார்கள். உடனே கைக்கு வரும், ஆனால் கடனை அடைத்தால் மீதி ஒன்றும் நிற்காது.

"வாங்கிட்டு விடு" என்றான் அண்ணன். "எனக்கும் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். எத்தனை நாள்தான் இழுத்துக்கிட்டே இருக்கறது?"

"அதுக்கப்புறம் நான் என்ன பண்றது அண்ணே? கை இப்படியேதான் இருக்கப்போகுது."

"அப்ப நான் என்ன பண்றது?" என்றான். அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். ஆனாலும் அந்தத் தொகை வேண்டாம் என்று அவள் வக்கீலிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அண்ணன் போன் செய்வதும் நின்றது.

மின்சாரக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியபோது, முதல் மாடி வீட்டுக்காரி மேலே வந்தாள். "குட்டிமாவுக்குப் பிறந்தநாள் அத்தை. கடைக் கேக் வேணாமாம். அத்தை பண்ணாத்தான் வெட்டுவேன்னு அடம்புடிக்கிறா. காசு வாங்கிக்கணும், சொல்லிட்டேன்." கேக் அத்தை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கட்டணம் ஒரு காரணம். பழைய கை எங்காவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்கும் ஆசை இன்னொரு காரணம்.

இரண்டு நாள் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். வலது கையால் கோனை அழுத்த முடியவில்லை. இடது கையால் அழுத்தினால் எழுத்து பாம்புபோல் நெளிந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எழுதினாள். கடைசியில் இதற்குமேல் சுரண்டினால் கேக்கே மிஞ்சாது என்று விட்டுவிட்டாள். குட்டிமா கைதட்டி, கேக் அத்தையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா அந்தப் படத்தைப் போனில் ஊருக்கெல்லாம் தெரியும்படி போட்டாள்: "எங்க கேக் அத்தையின் கைவண்ணம்."

அடுத்த விசாரணையில் கம்பெனி வக்கீல் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துவந்திருந்தார்.

"இந்தக் கேக் நீங்க செஞ்சதா?"

"ஆமாங்க."

"கூலி வாங்கினீங்களா?"

அவளுடைய வக்கீல் கண்ணால் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. "வாங்கினேன்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ உங்களால வேலை செய்ய முடியுது."

நீதிபதி படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

கேக் அத்தை அந்தப் படத்தைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வாங்கினாள். அவ்வளவு பெரிதாக அதை அவள் பார்த்ததில்லை. அந்த அறையில் இருபது பேராவது இருந்தார்கள். தன் வக்கீலைத் தவிர ஒருவர்கூடத் தெரிந்தவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இங்க பாருங்க, ஓரத்துல கிரீம் மேடும் பள்ளமுமா இருக்கு. சமமா இழுக்க மணிக்கட்டு திரும்பணும். இது ரோஜாப்பூ. பாத்தா முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். குட்டிமான்னு எழுதியிருக்கேன், அந்த 'ட்டி'யில சுழி உடைஞ்சுபோச்சு. 'மா'வுக்கு இடம் பத்தாம கீழ எறங்கிடுச்சு. முன்னாடியெல்லாம் இந்த மாதிரி நாலு கேக்கை ஒரு காலையில முடிச்சிடுவேன். இதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. இப்படி ஒண்ணை எங்க முதலாளி பாத்திருந்தாருன்னா கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வெச்சிருக்க மாட்டாரு. அந்தக் குழந்தைக்கு என்மேல பாசம். அதனால வாங்கிக்கிச்சு."

நீதிபதி எழுதிக்கொண்டார். கம்பெனி வக்கீல், "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். வெளியே வந்ததும் அவளுடைய வக்கீலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதம்மா. இதைவிட நல்ல சாட்சி கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடினார்.

அவள் நடைபாதையில் கிடந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த மாதிரி இல்லை. இருபது வருடமாகத் தன் வேலையைப் பற்றி அவள் வாய்திறந்து பெருமை பேசியதில்லை. முதல்முறையாக நாலு பேர் முன்னால் பேசியது, அது எவ்வளவு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லத்தான். குறைகளை நன்றாகச் சொன்னால்தான் பணம் என்பதால் ஒவ்வொன்றாகத் தேடித்தேடிச் சொல்லியிருந்தாள்.

மாலையில் நைட்டு தலை பின்னும்போது இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னி முடித்தபிறகு, "நானும் அந்தக் கேக்கைச் சாப்பிட்டேனேக்கா" என்றாள். "பாக்கத்தான் அதுவும் கார்ல அடிபட்ட மாதிரி இருந்துச்சு. ருசிக்கு ஒண்ணும் ஆகல."

கேக் அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துத் தோள் வலி எடுத்தது. வலியோடும் சிரித்தாள்.

தீர்ப்பு வர மேலும் பல மாதங்கள் ஆயின. அதற்குள் நைட்டுக்கு அவளுடைய ஊர்ப்பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மகளோடு இருக்கலாம். கிளம்பும் நாளன்று மெத்தையை வெயிலில் போட்டு, அறையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனாள். கேக் அத்தை படுக்கையறைக்குத் திரும்பவில்லை. கூடத்திலேயே படுத்துப் பழகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பணம் வந்தது. வக்கீல் சொன்ன அளவுக்கு வரவில்லை, கம்பெனி முதலில் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல். வக்கீல் பங்கு போக, பழைய வாடகை போக, மீதி இருந்தது. அண்ணன் வீட்டுக்குப் போய்க் கடனைத் திருப்பிக்கொடுத்தாள். அண்ணி காப்பி கொண்டுவந்தாள். அண்ணன் உறையைப் பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்தான்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"பரவால்லண்ணே. உனக்கும் பணமுடைதானே."

பிறகு மூன்று பேரும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் முடிந்துவிட்டதால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வேறு என்ன பேசுவது என்று மூவருக்கும் மறந்துபோயிருந்தது. காப்பி டம்ளரைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பேக்கரி முதலாளி கல்லாவில் உட்காரக் கூப்பிட்டார். ஒன்றாம் தேதி வருகிறேன் என்றாள். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க மனம் இல்லை. நைட்டுக்குப் போன் போட்டாள்.

"வாங்கக்கா, எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு" என்றாள் அவள், யோசிக்கக்கூட இல்லாமல்.

பஸ் மதியம் போய்ச் சேர்ந்தது. கேக் அத்தை பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, கூட்டத்தில் காக்கிச் சட்டையைத் தேடினாள். எங்கும் காணவில்லை. மஞ்சள் சுடிதாரில், முடியை விரித்துவிட்டுக்கொண்டு, தூக்கம் தெளிந்த முகத்தோடு ஒருத்தி எதிரில் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பல் விழுந்த ஒரு சிறுமி.

"என்னக்கா, என்னையே பாத்துட்டு யாரைத் தேடுறீங்க?" என்றாள் நைட்டு.

"உன்னை நடுப்பகல்ல முழிச்சுப் பாத்ததே இல்லையே" என்றாள் கேக் அத்தை.

நைட்டு அவளுடைய பையை வாங்கிக்கொண்டாள். சிறுமி முன்னால் ஓடினாள். வீடு பக்கம்தான், நடந்தே போய்விடலாம் என்றார்கள்.