இடது முன்சக்கரம்

எலி செத்துப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். காரின் காற்று வடிகட்டித் தகர மூடியை லேத் டீச்சர் நெம்பித் திறந்தபோது, சீட்டுப் பஞ்சுக்கும் காகிதத் துணுக்குக்கும் நடுவில் தோலும் பல்லுமாக அது காய்ந்து ஒட்டிக் கிடந்தது. வாலைப் பிடித்து இழுத்தாள். வால் மட்டும் கையோடு வந்தது. பின்னால் நின்ற அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளிப்போனார். டீச்சர் ஸ்க்ரூ டிரைவரால் மிச்சத்தைச் சுரண்டி வாளியில் தட்டினாள். தொழிற்பயிற்சிக் கூடத்தில் இருபது வருஷமாக லேத் எந்திரத்தில் இரும்பைக் கடையும் வேலை சொல்லிக்கொடுக்கிறவள். கருத்த எண்ணெயிலும் இரும்புத்தூளிலும் கை ஊறிப்போன அவளுக்கு எலியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. லேத் டீச்சர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் நாற்பத்தேழு வயதிலும் பாப்பாதான்.

அது மூன்று மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கொட்டகையில் கிடந்த காரை மறுபடி ஓட வைக்கப்போவதாக அறிவித்தார். இரண்டே சீட்டு உள்ள, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இளவயதில் யார் பேச்சையும் கேட்காமல் வாங்கியது. இருபத்தாறு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. தங்கச்சிக்குப் போன் போட்டு, "உடைச்சவளே வந்து ஒட்டிக்குடு பாப்பா" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் மறுபேச்சு பேசாமல் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டாள்.

உடைத்தவள் அவள்தான். இருபத்தொரு வயதில், லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம், ஒரு ஞாயிறு காலை அண்ணன் சாவியைத் தூக்கிப் போட்டு, அண்ணியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வரச் சொன்னார். வலது பக்கம் வளையும் சாலையில் கார் வளையவில்லை. நேராகப் போய் மதிலில் இடித்தது. அவளுக்கு நெற்றியில் மூன்று தையல். அண்ணிக்கு இடது முட்டி தூள்தூளாகப் போனது. அண்ணி தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுத்துவந்த தபால்காரி. அன்றோடு நடை நின்றது. மூன்று ஆபரேஷனுக்குப் பிறகு, மடங்காத காலும் கைத்தடியுமாகக் கவுன்டரில் உட்கார்ந்து ஸ்டாம்பு விற்றே அந்த வேலையை முடித்தாள்.

"ஸ்டியரிங்கைத் திருப்பினேன், திரும்பல" என்று டீச்சர் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னாள். போலீஸ்காரரிடம் சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள், அம்மாவிடம் அழுதபடி சொன்னாள். ஓட்டத் தெரியாதவள் சொல்லும் சாக்கு என்று ஊரே தலையை ஆட்டியது. அண்ணன் மட்டும் அவளைத் திட்டவே இல்லை. தலையைத் தடவிக்கொடுத்து, "பயத்துல கை ஓடியிருக்காது, விடு பாப்பா" என்றார். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். "என் பொண்டாட்டி காலே போச்சு, ஒரு வார்த்தை சொன்னேனா கேளுங்க." கேட்கிறவர்கள் அவரை ஒரு மாதிரி உயர்வாகவும் டீச்சரை ஒரு மாதிரி பாவமாகவும் பார்ப்பார்கள். போகப்போக டீச்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. திருப்பினேனா, திருப்பியதாக நினைத்துக்கொண்டேனா? அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. முன்சீட்டில்கூட உட்கார மாட்டாள். வாரம் தவறாமல் வந்து அண்ணிக்கு முட்டியில் மருந்து தேய்த்துவிடுவாள்.

சரி, வேலைக்கு வருவோம். என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி மேடையில் வைத்து அடிப்பாத்திரத்தைக் கழற்றினால், எண்ணெய் இருந்த இடத்தில் நாலு விரல் கனத்துக்குக் கருப்புக் களி. கரண்டியால் வழித்து வழித்து எடுத்தாள். பெட்ரோல் டாங்க் கசிந்த இடத்தில் யாரோ குளியல் சோப்பை அப்பி வைத்திருந்தது, கல்லாக இறுகியிருந்தது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் பழைய செருப்பை அறுத்துச் செருகியிருந்தது. கட்டைவிரல் பதிந்த பள்ளம் அப்படியே தெரிந்தது. புகைக்குழாய் ஓட்டையில் டின் தகரத்தைச் சுற்றிக் கம்பி முறுக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டக் காட்ட, அண்ணன் பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி மலர்ந்தார். "அப்ப அவசரத்துக்குப் பண்ணினது. ஓடுச்சுல்ல?" என்றார்.

டீச்சருக்கு எலியின்மேல் வராத அருவருப்பு அந்தச் செருப்பின்மேல் வந்தது. அண்ணன் எப்போதும் இப்படித்தான். எதையும் முழுசாகச் செய்து அவள் பார்த்ததில்லை. ஒப்பேற்றுவார், நாளைக்குச் சரிபண்ணலாம் என்பார், அந்த நாளை வராது. கிரீஸ் கையோடு பலகாரம் தின்பார், தின்ற கையைச் சீட்டில் துடைப்பார், துடைத்த சீட்டிலேயே ஏறி உட்கார்ந்து இவளுக்கு யோசனை சொல்வார். இவளோ நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குப் பையன்களோடு மல்லுக்கு நிற்கிறவள். பல்லைக் கடித்துக்கொண்டாள். காலை உடைத்தவளுக்குச் செருப்பைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?

இறுகிப்போன பிஸ்டன்களை எண்ணெயில் ஊறவைத்து ஒவ்வொன்றாக இறக்கினாள். தேய்ந்த தண்டைப் பயிற்சிக்கூடத்துக்கு எடுத்துப்போய்த் தானே கடைந்து வந்தாள். வால்வுகளை உட்கார்த்தி உட்கார்த்தித் தேய்த்ததில் உள்ளங்கையில் காய்ப்பு ஏறியது. முன்பக்கத்து வேலையை மட்டும் அண்ணன் அவளிடம் தரவில்லை. "முன்சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ என்ஜினைப் பாரு" என்று முதல் நாளே பிரித்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அவர் அங்கே ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

இன்று காலை என்ஜின் தயார். அதைத் திரும்ப இறக்க வேண்டுமென்றால், தாங்கியில் நிற்கும் காரை இறக்கி உருட்டிச் சங்கிலிக்கு நேர்கீழே கொண்டுவர வேண்டும். அதற்குச் சக்கரம் நேராக நிற்க வேண்டும். அண்ணன் சாப்பிட உள்ளே போயிருந்தார். டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்த ஸ்டியரிங்கைச் சுற்றினாள். கையில் கனமே இல்லை. வலது சக்கரம் திரும்பியது. இடது சக்கரம் சும்மா நின்றது.

இடித்ததில் உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தாள். அட்டையை விரித்துப் படுத்து, டார்ச்சோடு உள்ளே நகர்ந்தாள். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற தண்டு இடது பக்கம் கழன்று கிடந்தது. கார் இழுத்து வரப்பட்டபோது ஆடாமல் இருப்பதற்காக, அதை யாரோ சணல் கயிற்றால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கயிற்றை அறுத்துத் தண்டின் முனையைக் கையில் ஏந்தினாள். திருகு மரை பதித்த முனை. அதில் ஒரு நட்டு இருக்க வேண்டும். நட்டு சுழன்று கழலாமல் இருக்க, குறுக்கே ஓட்டையில் காட்டர் பின் என்கிற கம்பி ஊசி இருக்க வேண்டும். நட்டைக் காணோம். துணியால் அழுக்கைத் துடைத்தாள். இடியில் பிய்ந்திருந்தால் மரை மழுங்கியிருக்கும், கிழிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு மரையும் சுற்றுக்குச் சுற்று முழுசாக இருந்தது. பிய்யவில்லை, தானாகச் சுழன்று கழன்றிருக்கிறது. நட்டு போன பிறகும் கூம்பு முனை இறுக்கத்தில் கொஞ்ச தூரம் தாங்கியிருக்கும். வளைவு வந்ததும் விட்டிருக்கும்.

குறுக்கு ஓட்டையில் ஏதோ அடைத்திருந்தது. ஆணி முனையால் தட்டித் தட்டி வெளியே தள்ளினாள். நெளிநெளியாக, துருப்பிடித்து, பாதியில் முறிந்த துண்டு. வளைந்த பக்கத்தில் கருப்புப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டர் பின் அல்ல. தலையில் குத்துகிற கொண்டை ஊசி.

டீச்சர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அந்த ஊசித் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் கையை விரித்துக் காட்டினாள். அவர் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தெரியாத மாதிரி நடிக்கக்கூட அவருக்குச் சோம்பல்.

"முன்னாடியை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல" என்றார்.

"இது எப்படி அங்க வந்துச்சு?"

"சனிக்கிழமை சாயங்காலம் அந்த நட்டைக் கழட்டி மாட்டினேன். பழைய பின் ஒடஞ்சிடுச்சு, கடையும் சாத்திட்டான். அலமாரியில இது கெடந்துச்சு, சொருகினேன். திங்கக்கிழமை மாத்திடலாம்னுதான் இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை நீங்கதான சாவியைக் குடுத்தீங்க?"

"மறந்துட்டேன் பாப்பா. மனுஷன் மறக்க மாட்டானா?"

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

அவர் பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவினார். "இழுத்துட்டு வர்றப்போ பாத்தேன்."

"கயித்தைக் கட்டினது நீதானா?" வாழ்நாளில் முதல்முறையாக அவரை 'நீ' என்றாள். அது வாயில் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நான்தான். அதுக்கு இப்ப என்ன? உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா நான்? ஜெயிலுக்கா அனுப்பினேன்? யோசிச்சுப் பாரு. தங்கச்சி மேல வர்ற கோவம் ஒரு வருஷத்துல போயிடும். போச்சுல்ல? அவ உன்னை மன்னிச்சாளா இல்லையா? புருஷன்னு தெரிஞ்சிருந்தா குடும்பம் நின்னிருக்குமா? எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் பாத்தேன்."

நல்லாத்தான் பார்த்திருக்கிறார். அவளுடைய இருபத்தாறு வருஷத்தையும் எடுத்து அந்த ஓட்டையில் செருகிவிட்டு, ஓடுச்சுல்ல என்று கேட்கிறார். அதிலும் இந்த மனிதர் மறைப்பதைக்கூட முழுசாகச் செய்யவில்லை; அந்தத் துண்டை உருவி எறிய இருபத்தாறு வருஷத்தில் இவருக்கு ஒரு நாள் வாய்க்கவில்லை. இவர் தடவிய தலையை இப்போதே பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்போல் இருந்தது டீச்சருக்கு. இவரோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்திருக்கிறோம் என்பதே குமட்டியது.

"அதைத் தூக்கிப் போடு. அவ காதுக்குப் போக வேணாம், பாவம், உடம்புக்கு முடியாதவ" என்றார் அண்ணன். பேச்சு முடிந்துவிட்டது அவருக்கு. சுத்தியலை எடுத்துக்கொண்டு, அதிசயமாக, அட்டையில் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்துபோனார். தொப்பை ஒரு தரம் தட்டி, அடங்கி, உள்ளே போயிற்று. அந்தத் தண்டைக் கழற்றிப் போடும் அவசரத்தில் சுத்தியல் சத்தம் டங்கு டங்கென்று கேட்க ஆரம்பித்தது.

அண்ணி கொட்டகை வாசலுக்கு வந்தாள். தோளில் பிளாஸ்க் தொங்கியது. தடி, நல்ல கால், பிறகு மடங்காத கால் என்று ஒவ்வொன்றாகப் படியில் இறக்கினாள்.

"என்ன பாப்பா, முகமெல்லாம் வெளுத்திருக்கு? எலி கெடந்துச்சா மறுபடியும்?"

சொன்னால் இந்த வீடு என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் வந்து முட்டியில் மருந்து தேய்த்துவிட்டு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதை இனி அவளால் முடியாது. மூடியிருந்த கையை அண்ணியின் முன்னால் விரித்தாள்.

அண்ணி ஊசித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நெளிவு நெளிவோடு பொருந்தியது. கொண்டை ஒரு பக்கம் சரிந்ததை அவள் கவனிக்கவில்லை.

"எங்க இருந்துச்சு இது?"

"ஸ்டியரிங் தண்டுல அண்ணி. இடது சக்கரத்துகிட்ட. பின் போட வேண்டிய ஓட்டையில."

சுத்தியல் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி அந்தச் சத்தம் வரும் இடத்தைப் பார்த்தாள். தபால் கவுன்டரில் பேசிய அதே சன்னமான குரலில் பேசினாள்.

"உன் கை முழுசாத் திரும்பியிருந்துச்சு பாப்பா. நான் பாத்தேன். கையோட கை பின்னிக்கிட்டு இருந்துச்சு, வண்டி மட்டும் நேராப் போச்சு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் இவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். மயக்க மருந்துல உளர்றேன்னாரு. மூணு நாள் சொன்னேன். மூணு நாளும் அதையேதான் சொன்னாரு. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

சத்தம் நின்றது. காருக்கு அடியிலிருந்து அண்ணனின் வலது கை மட்டும் வெளியே வந்தது. மணிக்கட்டுவரை கருப்பு, நகக்கண்ணில் களி.

"பாப்பா, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு."

ஸ்பேனர் தட்டு இருவருக்கும் நடுவில் இருந்தது. யாரும் நகரவில்லை. உள்ளங்கை மேலே பார்க்க அந்தக் கை தரையில் கிடந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சீக்கிரம் குடு என்பதுபோல விரல்களை மடக்கி மடக்கி விரித்தது.