பெனிட்டோ வந்தால் படுத்துவிடும் பொட்டி

பெனிட்டோ வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், ஜெனியின் பொட்டி படுத்துவிடும். ஒரு மாதமாக அந்த வீட்டில் ஓடும் கேலி இது. பொட்டி என்றால் வேறொன்றுமில்லை, அலமாரிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான். கல்யாண போட்டோக்கள் எல்லாம் அதில் கிடக்கும். ஜெனி தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ரூட்டர் வழியாக அவற்றை எடுத்து ஆல்பம் செய்வாள். ராயபுரத்தில் அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது, இணைப்பு அறுந்துபோகாத வரைக்கும்.

"நீ வூட்ல இருந்தாலே எனுக்கு வேலை ஓடாதுயா" என்பாள் சிரித்துக்கொண்டே புருஷனிடம். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெனிட்டோவும் சிரித்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவான். கோபப்படத் தெரியாத ஆள் என்பதால் அவளும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவாள்.

இந்த வாரம் கேலி செய்யவும் வழியில்லை. பெனிட்டோ வழக்கம்போல ஏழு மணிக்கே டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுகிறான். பொட்டி அப்படியும் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறது. மீஞ்சூர்க் கல்யாண ஆல்பம் சனிக்கிழமை போயாக வேண்டும். "இந்த வாட்டியும் லேட்டாச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குறேம்மா, தப்பா நெனைக்காத" என்று அவளுக்கு ஆல்பம் வேலை கொடுக்கும் போட்டோகிராபர் தண்டபாணி சொல்லிவிட்டார். வேலையைப் பிடுங்கிக்கொள்வாராம், தப்பாகவும் நினைக்கக் கூடாதாம்.

ஜெனி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். கேபிளை மாற்றினாள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த முனையைத் தேய்த்துத் துடைத்தாள். லினக்ஸில் பொட்டியை இணைக்கும் வரியை அழித்து வேறு விதமாக எழுதினாள். முகம் தெரியாத யாரோ இணையத்தில் எழுதிவைத்த யோசனைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து பார்த்தாள். பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். சனியன் எங்கே உட்கார்ந்திருக்கிறதென்று பிடிபடவில்லை.

வியாழக்கிழமைதான் புத்தி வேலை செய்தது. வீட்டு இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு, கதவு எண் மாதிரி. பொட்டியின் எண்ணில் இருப்பது யார் என்று கம்ப்யூட்டரை விட்டுக் கேட்கவைத்தாள். இரண்டு கருவிகள் பதில் சொல்லின. பொட்டிக்குக் கையால் எண் போட்டவள் அவள்தான். ரூட்டரிடம் அதைச் சொல்லிவைக்கவில்லை. போன மாசம் வந்த புது ரூட்டர், எண் சும்மாதானே கிடக்கிறதென்று இன்னொரு கருவிக்கும் அதையே தூக்கிக் கொடுத்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் இணைப்பு குழம்பிப்போய் நின்றுவிடும். அந்த இன்னொன்று எது என்று ரூட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பெனிட்டோவின் போன்.

அட, கேலி உண்மைதானா என்று சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. மணி பத்தே முக்கால். எண்ணூரில் இருக்க வேண்டிய போன் வீட்டு வைஃபையில் எப்படி இருக்கும்? மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பானோ என்று தலையணைக்கு அடியில் தேடினாள். இல்லை. வைஃபை எட்டுவது எதிர்ச் சந்து வரைக்கும்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். எதிர்ச் சந்து முனையில் மாதா சிலை வைத்த சின்னக் குகை மாதிரி கெபி. அதன் பக்கத்தில் வேப்பமர நிழலில் இருந்த சிமெண்டு பெஞ்சில், மடியில் டிபன் பாக்ஸோடு பெனிட்டோ உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"இன்னாயா இங்க?"

"யார்டுல கான்ட்ராக்ட் முடிஞ்சிட்ச்சு மே. எங்க ஒம்போது பேரையும் நிறுத்திட்டானுங்க. திங்கக்கெழமையே."

"நாலு நாளா இங்கயா குந்திகினு கீற? வூட்டுக்கு வர்றதுக்கு இன்னா?"

அவன் டிபன் பாக்ஸின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினான். "காலைல வேலை தேடி அலைவேன். பத்து மணிக்கு மேல எங்க போறது? நான் வூட்ல இருந்தா உனுக்கு வேலை ஓடாதுன்னுவ. உன் ஆல்பம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு வுட்டேன். இங்கேர்ந்து பாத்தா ஜன்னல்ல உன் தலை தெரியும்."

சிரிப்புக்குச் சொன்ன ஒரு வார்த்தையை இந்த மனுஷன் நெஞ்சில் வைத்துக்கொண்டு நாலு நாள் வெளியிலேயே கிடந்திருக்கிறானே என்று ஜெனிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அவளுக்குத் தொந்தரவு கூடாதென்று தள்ளிப்போய் உட்கார்ந்தவன்தான், உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் வேலையைக் கெடுத்துக்கொண்டும் இருந்தான். பைத்தியக்காரன். ஆனால் அவளுடைய பைத்தியக்காரன்.

கையைப் பிடித்து மேலே இழுத்துப் போனாள். பொட்டியின் எண் பொட்டிக்கே என்று ரூட்டரில் எழுதிவைத்தாள். பெனிட்டோவின் போனுக்கும் தனியாக ஓர் எண் எழுதினாள்.

"இது உன்னுது. வேற எதுக்கும் போவாது. தப்பு பண்ணது நானு, பழிய உன்மேல போட்டுகினு இருந்தேன்."

போனில் வைஃபையை அணைத்து மறுபடி போடச் சொன்னாள். பிறகு மீஞ்சூர்ப் படங்களை நகலெடுக்க விட்டாள். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. பெனிட்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரமே நின்றான்.

"ஏன் அங்கயே நிக்கிற?"

"கிட்ட வந்தா கட் ஆய்டப் போவுது."

"ஆவாது. வா."

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் தோள் உரச உட்கார்ந்தான். டிபன் பாக்ஸைத் திறந்து, காலையில் அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சோற்றை இருவருக்கும் நடுவில் வைத்தான். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆயிரத்துச் சொச்சம் படங்களும் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன.