யா, நீயா?

அந்த இரண்டு சொற்களை ஜெனிபர் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ் ஆரம்பாக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டாள். குரல் ராபினுடையதுதான். பின்னால் ஏதோ இரும்பு உருளுகிற சத்தம். "யா... நியா." அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. அவ்வளவுதான்.

அவள் கேட்டிருந்த கேள்வி இதைவிட நீளமானது. "ராபின், வர்ற ஞாயித்துக்கெழம மொத ஓலை வாசிக்கலாமான்னு பாஸ்டர் கேக்கறாரு. சனிக்கெழம சாயந்தரத்துக்குள்ள சொல்லணுமாம். நீ சொன்ன தேதிக்கு வந்துடுவல்ல? வாசிக்கச் சொல்லட்டுமா?"

அவர்கள் சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சபை நடுவில் ஓலை வாசித்த பிறகுதான் கல்யாணம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் வாசிப்பார். ஆட்சேபணை என்று யாரும் இதுவரை வாயைத் திறந்ததில்லை. ஆனால் ஓலை வாசித்த பிறகு கல்யாணம் நின்றுபோன கதை ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் குடும்பம் அதற்கப்புறம் கும்மிடிப்பூண்டியில் வேறொரு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் அவளை ஊரில் 'ஓலைக்காரி' என்றுதான் சொல்கிறார்கள்.

கேள்வி அனுப்பியது வியாழக்கிழமை. 'யா நியா' வந்ததும் அன்றைக்கே. அதன் பின்னாலேயே ஒரு பாட்டு. அதற்குப் பின்னால், "மூணு நாள் ஷட்டவுன் வேலை. ஃபோன கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்க. ஞாயித்துக்கெழம பேசறேன், செல்லம்." பதில் சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் மனிதன் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பதில் என்னவென்றுதான் இவளுக்குத் தெரியவில்லை.

எளாவூர் செக்போஸ்டில் லாரி வரிசையைச் சுற்றிக்கொண்டு வந்து காயத்ரி பஸ்ஸில் ஏறினாள். இருவரும் ரப்பர் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் பீஸ் செக் பண்ணுகிறவர்கள்.

"இன்னாடீ, மூஞ்சி ஏழு முழத்துக்குத் தொங்குது?"

ஜெனிபர் ஒரு இயர்போனைக் கழற்றி அவள் காதில் செருகினாள். "இன்னா சொல்றான்னு கேட்டுச் சொல்லு."

காயத்ரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "'யாரு, நீயா'ன்றான்."

"எனக்கும் அப்டித்தான் கேக்குது."

"ஓலை வாசிக்கலாமான்னு கேட்டா யாரு நீயான்றானா? பின்ன வேற எவளுக்கு வாசிக்கறதாம்?" சிரிக்கத் தொடங்கியவள் ஜெனிபரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வெளாட்டுக்குச் சொல்லிக்கினு இருப்பான்டீ."

"பாட்டுலயும் அதான் வருது. கேளு."

கிடார் இரண்டு ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவது போல் தொடங்கின. டிரம் சேர்ந்தது. கரகரத்த குரலில் ஒருவன் பாடினான். நாலு வரிக்கு ஒருமுறை கூட்டமாக எல்லோரும் சேர்ந்து 'யா நியா' என்றார்கள்.

"தொண்டைல மீன்முள்ளு மாட்டினவன் மாரி பாடறான். இங்கிலீஷா?"

"இல்ல. ஆஃப்ரிகான்ஸாம்."

"ஆப்பிரிக்காக்காரங்க பாஷயா?"

"ஆமா. இல்ல. டச்சுக்காரன் கொண்டாந்தது அங்க போய் மாறிப்போச்சாம். வெள்ளக்காரங்களும் பேசறாங்க, நம்ம நெறத்துல இருக்கறவங்களும் பேசறாங்களாம். ராபினோட ஃபோர்மேன் நம்ம சித்தப்பா மாரிதான் இருக்காரு."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றாள் காயத்ரி. "ஆனா அடி நல்லா இருக்குது." அவள் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ராபின் உருக்கு உலை பொருத்துகிற வேலை செய்பவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிற கம்பெனி, தென்னாப்பிரிக்காவில் ஓர் உருக்காலைக்கு உலை விற்றது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட நாலு மாதத்துக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். போன புதிதில் குளிரைப் பற்றிப் பேசினான், கிடைக்காத பச்சரிசியைப் பற்றிப் பேசினான், அவளைப் பற்றிப் பேசினான். அப்புறம் அந்த ஃபோர்மேன் தன் வண்டியில் இவனை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். வண்டியில் பாட்டு ஓடியது. அதோடு போச்சு.

"அவங்க ஊரப் பத்தி அவங்க பாஷைலயே ராக் பாடறாங்க ஜெனி! அந்த பாஷைய ஒரு காலத்துல சமையல்கட்டு பாஷன்னு கேலி பண்ணாங்களாம். நம்ம பேசறத மெட்ராஸ்ல கேலி பண்றாங்கல்ல, அந்த மாரி. நாம இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் சினிமா பாட்டே வாசிச்சிக்கினு இருக்கோம்? கும்மிடிப்பூண்டியப் பத்தி ஒரு பாட்டு இருக்குதா?" என்று ஒரு நாள் ஃபோனில் கேட்டான்.

"கும்மிடிப்பூண்டில பாடறதுக்கு இன்னா இருக்குது? பொகதான்."

"அதத்தான் பாடறாங்க அவங்க!"

சர்ச் பாடல் குழுவில் கிடார் வாசிக்கிறவன் என்பதால்தான் அவனை அவள் முதன்முதலில் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கல்யாணப் புடவை கிரீமா வெள்ளையா என்று கேட்டதற்கும் ஒரு பாட்டை அனுப்பினால் என்ன செய்வது? அதில் அக்கார்டியன் மட்டும் வந்தது. கிரீம் என்று எடுத்துக்கொண்டாள்.

சாயந்தரம் பஸ்ஸிலிருந்து எளாவூரில் இறங்கிவிட்டாள். ராபினின் அம்மா மேரி செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு டிபன் கடை வைத்திருந்தாள். மருமகளாகப் போகிறவளைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"வாம்மா ஜெனி. நிக்காத, ஒக்காரு. இன்னா துன்ற, தோச ஊத்தட்டா?"

"ஒண்ணும் வேணாம் அத்த. ராபின் உங்களுக்கும் பாட்டு அனுப்பறானா?"

"அத ஏன் கேக்கற! ஒருத்தன் 'பாயா, பாயா'ன்னு கத்தறான். பாவம், ஊட்டு நெனப்பு வந்து ஆட்டுக்கால் பாயா கேக்கறான்னு நெனச்சிக்கினேன். வரும்போது செஞ்சி வெக்கறேன் ராஜான்னு திருப்பி சொன்னேன்."

"அந்த பாஷைல பாயான்னா 'ரொம்ப'ன்னு அர்த்தமாம் அத்த."

"ரொம்ப இன்னா?"

"அது தெரியல."

மேரி கல்லில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தாள். ஆவி அடங்கியதும் திரும்பாமலேயே கேட்டாள். "அந்த ரெண்டு வருஷத்துக்கு இன்னா முடிவு பண்ணீங்க?"

"எந்த ரெண்டு வருஷம்?"

"அங்கயே இருந்து உலைய பாத்துக்கச் சொல்றாங்களாமே. உன்கிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பான்னு..." மேரியின் கை நின்றுவிட்டது. "அய்யோ. சொல்லலயா அவன்?"

ஜெனிபர் தலையாட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை. மேரி ஊற்றிக்கொடுத்த தோசையைச் சாப்பிட்டாள். உப்பு இருந்ததா என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். அப்பா ஸ்டீபன் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "பாஸ்டருக்கு இன்னாம்மா சொல்லப் போற?" என்றார். "சாயந்தரம் சொல்றேன் நைனா," என்றாள். அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, கேட்க நினைத்ததை எல்லாம் கேட்காமல் போனார்.

அவள் அந்தப் பாட்டை வரிகளோடு தேடி எடுத்தாள். கூட்டமாகக் கத்துகிற இடத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றாக மொழிபெயர்ப்பில் போட்டாள். 'யா' என்றால் ஆமாம். 'நியா' என்றால் இல்லை.

ஆமாம் இல்லை!

யாரு நீயா என்பதே தேவலாம் போல் இருந்தது. அதில் குறைந்தது ஒரு கேள்வியாவது இருந்தது. இதை என்ன என்று எடுத்துக்கொள்வது? ஓலைக்கு ஆமாம், வருவதற்கு இல்லையா? அவளுக்கு ஆமாம், தேதிக்கு இல்லையா?

பாட்டுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். இவளைப் போலவே யாரோ ஒருவர் அர்த்தம் கேட்டிருக்கிறார். சேர்த்துச் சொன்னால் 'சந்தேகமே இல்லாமல் ஆமாம்' என்று ஒருவர். அப்படியில்லை, 'என்ன செய்ய, அப்படித்தான்' என்று பெருமூச்சு விடுவது என்று இன்னொருவர். சொல்ல ஒன்றும் இல்லாதபோது சொல்வது என்று மூன்றாமவர். மூவரும் சண்டை போட்டுக் கெட்ட வார்த்தை வரை போயிருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'என் அப்பா இதை என் கல்யாணத்திலும் சொன்னார், அம்மாவை அடக்கம் செய்த அன்றும் சொன்னார்.'

அதற்கப்புறம் யாரும் எதுவும் எழுதவில்லை.

ஜெனிபர் பாட்டு முழுவதையும் மொழிபெயர்த்துப் பார்த்தாள். பெயிண்ட் உரிந்த தண்ணீர்த் தொட்டி, ஆலைச் சங்கு, துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் படிகிற கரி. ஒரு பெண் கேட்கிறாள், குளிர்காலத்துக்கு இங்கேதானே இருப்பாய்? அவன் சொல்கிறான், யா நியா. ஜெனிபர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலையில் காயப்போட்ட வெள்ளைத் துப்பட்டா அங்கே ஆடிக்கொண்டிருந்தது. அதிலும் தினம் ஒரு சாம்பல் பூச்சு படியும். அதைப் போய் ஒருத்தன் பாட்டில் எழுதுவானா?

கோபத்தோடுதான் அடுத்த பாட்டைப் போட்டாள். பிறகு அதற்கடுத்தது. கடற்கரை ஊர்ப் பையன்கள் வேகவேகமாகப் பேசிக்கொண்டே பாடினார்கள். நம்ம ஊர் கானா போல நக்கலும் சோகமும் ஒரே மூச்சில். ஒரு பெண் கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடினாள். அதில் 'பாயா' வந்தபோது, ரொம்ப, ரொம்ப என்று ஜெனிபர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரொம்ப என்ன என்று புரியாமலேயே கண் கலங்கியது. அவனிடம் சண்டை போட வேண்டிய நேரத்தில் அவன் அனுப்பிய பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கிறோமே என்று பேஜாராக இருந்தது. அந்தப் பாட்டையே இன்னொரு முறை போட்டாள்.

சாயந்தரம் பாடல் பயிற்சி முடிந்து எல்லோரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பாஸ்டர் வந்தார்.

"இன்னாம்மா ஜெனிபர், ராபின் பேசினானா? நாளைக்கு ஓலை வாசிச்சிடலாமா?"

வாசிங்க என்று சொன்னால் நாளைக்கே ஊர் அறிந்துவிடும். அவன் இரண்டு வருஷம் என்று அங்கேயே நின்றுவிட்டால் அவள்தான் அடுத்த ஓலைக்காரி. வேண்டாம் என்று சொன்னால், அவன் உண்மையிலேயே ஆமாம் என்று சொல்லியிருந்தால்? நாள் முழுக்கக் காதில் ஓடியது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"யா... நியா."

பாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாரு, நீயாவா? பின்ன யாரும்மா? நான்தான் வாசிக்கணும். என்னத் தவிர வேற யாரு வாசிப்பாங்க?"

ஜெனிபருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கப் பெரிதானது. பாஸ்டரும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தார். ராபினும் அந்தச் சொல்லுக்குப் பிறகு இப்படித்தான் சிரித்தான் என்பது அப்போது அவளுக்கு நினைவு வந்தது. விட்டுப்போக நினைக்கிறவனின் சிரிப்பு இல்லை அது. பயந்துகொண்டே படியில் கால் வைக்கிறவனின் சிரிப்பு. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தப்பாகவும் இருக்கலாம்.

"நீங்கதான் ஐயா. வாசிங்க," என்றாள்.

மறுநாள் பாஸ்டர் வாசித்தார். எளாவூர் மேரி அம்மாளின் மகன் ராபினுக்கும், ஆரம்பாக்கம் ஸ்டீபன் அவர்களின் மகள் ஜெனிபருக்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். ஃபேன் மட்டும் சுற்றியது. அந்த இடைவெளியில், ஆட்சேபணை இருக்கிற ஒரே ஆள் தான்தானோ என்று ஜெனிபருக்குத் தோன்றியது. அடுத்த வரிசையிலிருந்து மேரி கை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டர் மேற்கொண்டு போனார்.

மத்தியானம் ராபின் கூப்பிட்டான்.

"வாசிச்சிட்டாங்களா?"

"வாசிச்சாச்சு. நீ சொன்னது ஆமாவா இல்லையா?"

"எது?"

"யா நியா!"

"அது ஆமாதான் ஜெனி. இங்க எல்லாரும் அப்டித்தான் சொல்லிக்கினு இருக்காங்க. எனக்கும் ஒட்டிக்கிச்சு."

"அப்ப நியா எதுக்கு?"

"அம்மா சொல்லிட்டாங்களா?"

"கடைல தோசைக்கு நடுவுல தெரிஞ்சிக்கினேன். நீ சொல்லியிருக்கலாம்ல, ராபின்?"

"எப்டிச் சொல்றதுன்னு தெரியல. அதான் பாட்டா அனுப்பிக்கினு இருந்தேன்."

"நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பாட்டு அனுப்புவியா? நான் இன்னா ரேடியோ ஸ்டேஷனா?"

"தப்புதான். சத்தியமா தப்புதான். கல்யாணத்துக்கு வந்துடுவேன், டிக்கெட் போட்டாச்சு. அந்த ரெண்டு வருஷத்துக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல. உன்ன கேக்காம எப்டி சொல்லுவேன்?" அவன் மூச்சு இழுத்துவிட்டான். "நீயும் கூட வந்தா... வர்றியா ஜெனி? ஃபோர்மேன் ஊட்டு மேல ரூம் காலியா இருக்குது. வாரக் கடைசில அவரோட பேண்டு ஷெட்ல வாசிக்கும். நம்ம பாஷைல ஒண்ணு பாடச் சொல்லிக் கேட்டாங்க. கும்மிடிப்பூண்டி பாட்டு. பாதி எழுதிட்டேன்."

"அதுல இன்னா வருது?"

"பொக வருது. கம்பெனி பஸ் வருது. ஜன்னல் சீட்ல நீ வர்ற."

கொடியில் துப்பட்டா காற்றுக்கு ஒருமுறை எழும்பி இறங்கியது. இரண்டு வருஷம். பெயர் தெரியாத குளிர். அப்பாவுக்கு யார் டப்பா கட்டுவார்கள்? காயத்ரியின் மேஜைக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? அந்த ஷெட்டில் அவளை வைத்து அவன் பாடும்போது முன்னால் அவள் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும்?

"ஜெனி? லைன்ல இருக்கியா? வர்றியா?"

"யா... நியா," என்றாள் அவள்.

ராபின் பதறிப்போனான். "ஏய், அது ஆமாவா, இல்லையா?"