ஃப்ளைட் இல்லாத நாள்

“பெரிய கம்பெனிக்காரன் வா வான்னு கூப்பிடுதான், அதை விட்டுட்டு…”

“அப்பா, நான் இன்னும் சொல்லி முடிக்கல.”

“…காத்தாடி வச்ச ஃப்ளைட்டுக்குப் போறேங்கானே! ஏட்டி எப்சி, உன் தம்பி பேசுதத கேட்டியா?”

பின் இருக்கையில் எப்சி மாலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். மெர்வின் காரை ஓட்டினான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா இன்பம் இறந்து அன்றோடு ஒரு வருடம்.

மெர்வின் பைலட். பழைய கம்பெனியை விட்டு வந்துவிட்டான். இப்போது இரண்டு கம்பெனிகள் அவனைக் கூப்பிட்டிருந்தன. ஒன்று வளைகுடாவில், பெரிய விமானம், பெரிய சம்பளம், குடியிருக்க வீடு. மற்றது மதுரையிலிருந்து பக்கத்து ஊர்களுக்கு, இறக்கையில் காத்தாடி சுழலும் சின்ன விமானம் விடுகிறது. மறுநாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“பெரிசுல ஒரு தடவை ஏத்தி விட்டுட்டு விடிய விடிய மீட்டரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்ப்பா. சின்னதுல ஒரு நாளைக்கு நாலு தடவை ஏத்தி நாலு தடவை இறக்கலாம். எனக்கு அதுலதான் சந்தோசம். சாயந்திரம் வீட்டுக்கும் வந்துருவேன்.”

“நான் சேத்தூருக்கு ஓட்டுன டவுன் பஸ்தாம்ல அது. றெக்கை மட்டுந்தான் கூட.”

எப்சிக்குக்கூடச் சிரிப்பு வந்தது. மெர்வின் விடவில்லை.

“அந்த டவுன் பஸ்ஸத்தான நீங்க கடைசி வரைக்கும் ஓட்டுனீய? சென்னை லைன் குடுத்தப்போ ஏன் வேண்டாம்னீய?”

“உங்கம்மா ராத்திரி ஒத்தையில கெடப்பாளேன்னு…” என்று தொடங்கிய அப்பா ஏசுவடியான் அதோடு நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு, “கல்ஃபுக்கே போயிருலே. என்னைய எப்சி பாத்துக்கிடுவா” என்றார்.

“அம்மாவையும் அக்காதான் பாத்தா. அம்மாவுக்கு முடியலன்னு எங்கிட்ட யாரு சொன்னா?”

வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது, இன்பம் கொண்டுவந்தது. மெர்வினிடம் பேசினால் முதல் கேள்வி, “நாளைக்கு ஃப்ளைட் உண்டாய்யா?” என்பதுதான். உண்டு என்றால், வீட்டில் எல்லாரும் சுகம் என்பார்கள். ஓட்டப் போகிற பிள்ளையின் காதில் கெட்ட செய்தி விழக்கூடாது.

“வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு உனக்கு டெல்லி,” என்றாள் எப்சி. “ஆஸ்பத்திரில சேத்த அன்னைக்குக் கொச்சி. அவனுக்கு லீவு வரட்டும், நானே சொல்லுதேன்னாவ அம்மா. உன் கம்பெனிக்காரன் லீவே விடல, தம்பி. கட்டியும் லீவு விடல.”

“செத்ததையும் நான் இறங்குன பொறவுதான சொன்னீய. ஃப்ளைட்டுல வந்த சனமெல்லாம் பெட்டியத் தூக்கிட்டுப் போற வரைக்கும் காத்திருந்து.”

“பின்னால நூத்தம்பது உசுரு உக்காந்திருக்குலே,” என்றார் ஏசுவடியான். “உனக்குக் கை நடுங்கிட்டுன்னா?”

மெர்வின் மம்சாபுரம் விலக்கில் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினான்.

டியூட்டி நாட்களில், கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் இரண்டு வடையை விழுங்கிவிட்டு ஓடிவந்து ஸ்டியரிங் பிடித்தவர் ஏசுவடியான். இன்று ஒரு பன்னைப் பிய்த்து டீயில் ஊறப்போட்டார். நன்றாக ஊறிக் கரைந்த பிறகு வாயில் வைத்தார். வெகு நேரம் மென்றார். கழுத்து நரம்பு புடைத்தது, உள்ளே இறங்கவில்லை. எழுந்து காருக்குப் பின்னால் போய்த் துப்பினார்.

யாரும் கேட்காமலே எப்சி பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்தாள். வெந்நீரை மூடியில் ஊற்றி, ஊதி ஆற்றி, அவர் திரும்பி வருவதற்குள் தயாராக நீட்டினாள். அந்தக் கைப்பழக்கத்தை மெர்வின் பார்த்துக்கொண்டே நின்றான்.

“எத்தனை நாளாப்பா இப்படி?”

“டீ சூடுலே. நாக்கு பொத்துப்போச்சு.”

“கிளாஸ்ல ஆடை கட்டிக் கெடக்கு. அது சூடா?”

“தம்பி…” என்றாள் எப்சி.

“ஏட்டி, நீ சும்மா இரி.” ஏசுவடியான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நேரமாச்சு, வண்டிய எடு. நாளைக்குத்தான கடைசி நாளு? அந்தப் பெரிய கம்பெனிக்கே வாரேன்னு சொல்லிரு. மத்ததெல்லாம் பொறவு பேசுவோம்.”

மெர்வின் வண்டியை எடுக்கவில்லை. வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கார் சாவியை அவர் கையில் வைத்தான்.

“நாளைக்கு எனக்கு ஃப்ளைட் இல்லப்பா. நாளன்னைக்கும் இல்ல. இப்பச் சொல்லுங்க.”