இரண்டாவது கொரற்றி

எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இரண்டு தடவை வருவார்கள். அக்கரையில் ஆளைக் காற்றில் ஏற்றி அனுப்புகிறார்கள். காற்றை நம்ப முடியுமா? அதனால் ஒரே ஆளைக் கலங்கரை விளக்கம் வழியாக ஒரு தடவை, உப்பளத்துக் கோபுரம் வழியாக ஒரு தடவை. இரண்டு பேர் மணிக்கட்டிலும் ஒரே எண். முதலில் வந்து சேருகிறவரை உள்ளே விடுவதும், பிந்தி வருகிறவரைக் கலைப்பதும் என் வேலை. நெற்றியில் ஒரு ஊது ஊதினால் போதும், வலிக்காது. சிலர்தான், "அண்ணே, நான்தான் முதல்ல கிளம்பினேன்" என்று வம்பு பண்ணுவார்கள். "கிளம்புனத யாருய்யா கேட்டா?" என்று ஊதிவிடுவேன்.

என் காலத்தில் ஒரு ஆள் தொலைந்ததில்லை, ஒரு ஆள் இரட்டித்ததும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

போன வாரம் உப்பளத்து வழியாக ஒரு சிறுமி வந்தாள். இரட்டைச் சடை, தோளில் துணிப்பை. மணிக்கட்டைப் பார்த்தேன். மீன் காயப்போடும் கொரற்றியின் எண். கொரற்றி சின்னப் பிள்ளையாகச் அக்கரையில் சித்தி வீட்டிலிருந்து திரும்பியபோது முதல் ஆள் நல்லபடியாக வந்துவிட்டாள், இரண்டாவது ஆள் வரவேயில்லை. ஒருத்தி வந்துவிட்டால் மற்றவளை யார் தேடுகிறார்கள்? இப்போது கொரற்றிக்குக் காதோரம் நரைத்துவிட்டது.

"இவ்வளவு நேரமா வர்றதுக்கு?" என்று அதட்டினேன்.

"வழியில காத்து நின்னுபோச்சு மாமா. அம்மா தேடுவாங்க."

அவள் அம்மா இஞ்ஞாசியம்மாளைப் போன மழைக்காலத்தில்தான் அடக்கம் செய்தோம். ஆனாலும் வேலை என்றால் வேலைதானே. குனிந்து மூச்சை நன்றாக இழுத்தேன். சிறுமி நெற்றி முடியை ஒதுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல பிள்ளை.

"மாமா, ஊதிராதீங்க!"

கொரற்றிதான். உப்பளத்து ஆட்கள் சொல்லியிருப்பார்கள். கையெல்லாம் மீன் செதிலோடு ஓடி வந்திருந்தாள். சிறுமி கண்ணைத் திறந்தாள். "அம்மா!" என்று பாய்ந்து கொரற்றியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வயதில் கொரற்றி அவள் அம்மாவை அப்படியே உரித்துவைத்திருக்கிறாள். கொரற்றி மீன் செதில் கையை முந்தானையில் துடைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிறுமியின் தலையைத் தடவி, "வாம்மா, சோறு ஆறிப்போவுது" என்றாள். வாய் நிறைய மூச்சு இருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

ஒரே ஆள் இரண்டாக இருக்கக்கூடாது, சரி. தாயும் மகளுமாகப் போகிறவர்களை எப்படி ஒரே ஆள் என்பது? கையைக் காட்டி உள்ளே விட்டேன்.

இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றது. என் சாவடி ஜன்னலைத் திறந்து வெளியே ஊதினேன். உப்பளத்துக் கோபுரம் கலைந்துபோனது. இனி ஒரு வழிதான், காற்று அடித்துக்கொண்டு போகாதபடி ஆட்களுக்குப் பையில் கல் போட்டு ஒரே தடவை அனுப்புங்கள் என்று அக்கரைக்குச் சொல்லிவிட்டேன்.