ஏவல் வினை

உடற்பயிற்சி டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைரன். மைதானத்தின் இந்தக் கோடியில் அவள் "நில்!" என்றால் அந்தக் கோடியில் ஓடுகிறவன் நிற்பான். வேலிக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்கூட ஒரு காலை ஊன்றிக்கொள்வார். கூடைப்பந்து வளையத்துக்கு வலை மாட்ட ஏறி, விழுந்து, நாலு வருஷமாகிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

அன்றிலிருந்து தம்பியும் அவன் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். தங்கமான மனிதர்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அதனாலேயே டீச்சர் வாயைச் சுருக்கிக்கொண்டாள். மூக்கு அரித்தால் உடனே கூப்பிட மாட்டாள். தாகமும் எடுக்கட்டும் என்று பொறுத்து, இரண்டையும் சேர்த்துக் கேட்பாள். அதுவும் எப்படி? "சிரமம் இல்லேன்னா, கொஞ்சம்..." என்று.

இப்போது தம்பி மனைவி மறுபடி வேலைக்குப் போகவேண்டும். பகலில் அக்காவை யார் பார்ப்பது? தம்பி ஒரு காப்பகத்தின் விண்ணப்பத்தை வாங்கி வந்துவிட்டான். டீச்சரோ, குரலுக்கு இயங்கும் கருவி ஒன்றை வரவழைத்திருந்தாள். விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, கட்டில், வாசல் பூட்டு எல்லாம் அதன் கையில்.

"ஒரு பகல் தனியா இருந்து காட்டறேன். முடிஞ்சா அந்த ஃபாரம் வேண்டாம்" என்றாள்.

"பாக்கலாம்" என்றான் தம்பி. நம் வீடுகளில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம்.

கருவியை மாட்டிய எலக்ட்ரீஷியன் பெண் போகும்போது சொன்னாள்: "சாவி இல்லேன்னா, பூட்டு உங்க குரலுக்கு மட்டும்தான் திறக்கும் டீச்சர். எல்லார் குரலுக்கும் திறந்தா திருடனும் 'திற'ன்னு சொல்லிட்டு வந்துடுவான்."

மறுநாள் காலை, வாய்க்கெட்டும்படி உறிஞ்சுகுழாயோடு தண்ணீர் வைத்துவிட்டு வீட்டார் இருவரும் கிளம்பினார்கள். பத்து மணிக்கு வெயில் நேராகக் கண்ணில் குத்தியது.

"கொஞ்சம் அந்தத் திரையை மூட முடியுமாம்மா?"

"மன்னிக்கவும், புரியவில்லை" என்றது கருவி.

"சிரமம் இல்லேன்னா, திரை..."

"மன்னிக்கவும், புரியவில்லை."

ஏழு தரம் கெஞ்சினாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்க ஆளில்லை. காப்பகத்தில் வரிசையாகக் கிடக்கும் கட்டில்கள் நினைவுக்கு வந்து பயமுறுத்தின. பயம் முற்றிக் கோபமானது.

"மக்கே! திரையை மூடு!"

திரை மூடிக்கொண்டது.

அட, இவ்வளவுதானா! மிஷினுக்குச் சலித்துக்கொள்ளவும் தெரியாது, முகம் வாடவும் தெரியாது. கட்டளை ஒன்றுதான் அதன் பாஷை. இவளுக்கோ அது தாய்மொழி. "விசிறி, வேகமா! கட்டில், தலையைத் தூக்கு!" இருநூறு பிள்ளைகளை மேய்த்தவள் ஐந்து சாமான்களைச் சும்மா விடுவாளா? திரையை மட்டும் வேண்டுமென்றே மூன்று தரம் திறந்து மூடினாள். நாலு வருஷத்தில் இப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. கட்டிலருகே இருந்த சின்ன மானிட்டரில், வாசல் கேமரா வழியே, தம்பியின் முகம். மனசு கேட்காமல் பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறான். காலை அவசரத்தில் சாவியை எடுத்துப் போகவில்லை. கையிலிருந்த பையில் விண்ணப்பம் மட்டும் எட்டிப் பார்த்தது.

"அக்கா, நல்லாருக்கியா? கதவைத் திறக்கச் சொல்லு."

"எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன். அந்த ஃபாரத்தைக் கிழி."

"உள்ள வந்து பேசிக்கலாமே. கொஞ்சம் திறயேன்க்கா."

"மன்னிக்கவும், புரியவில்லை" என்றாள் டீச்சர்.

எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"மானம் போகுதுக்கா. உன்னைத் தள்ளி விடணும்னா நினைச்சேன்? இங்கேயே இருக்கட்டுமான்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"நாலு வருஷமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான்டா இருந்தேன். இப்ப சொல்றேன். கிழி!"

தம்பி எதிர்வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு விண்ணப்பத்தை எடுத்து, அக்கா நன்றாகப் பார்க்கட்டும் என்று கேமராவுக்கு நேரே பிடித்துக் கிழித்தான்.